நிலா விலகிப் போவது பிரபஞ்சம் விரிவதாலா?

கேள்வி: வணக்கம் ஐயா. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பிரபஞ்சம் விரிவடைவதைப் பற்றி வகுப்பில் பேசிய மறுநாள், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். பிரபஞ்சம் விரியும் வீதத்தைச் சொல்லும் ஹப்பிள் மாறிலியைப் பூமிக்கும் நிலாவுக்கும் இடையே உள்ள தூரத்தால் பெருக்கினால் ஆண்டுக்கு 2.75 சென்டிமீட்டர் வருகிறது. நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது என்று படித்திருக்கிறாள். "மிஸ், அப்போ இதில் பெரும்பங்கு பிரபஞ்சம் விரிவதால்தானே? மீதி ஒரு சென்டிமீட்டர்தானே கடலால்?" என்று கேட்டாள். கடல் ஓதம்தான் (கடல்நீர் ஏறி இறங்குவதுதான்) முழுக் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை எப்படிக் காட்டுவது? பலூனில் பேனாவால் புள்ளி வைத்து ஊதிக் காட்டியிருந்தேன். "புள்ளியும் சேர்ந்துதானே பெரிசாச்சு?" என்றும் கேட்டுவிட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம்.

உங்கள் மாணவியின் பெருக்கல் சரி. நானும் போட்டுப் பார்த்தேன். ஹப்பிள் மாறிலியை ஒரு மெகாபார்செக்குக்கு (ஏறக்குறைய 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு) வினாடிக்கு 70 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, 3,84,400 கிலோமீட்டர் தூரத்துக்கு என்ன வேகம் என்று கண்டுபிடித்து, அதை ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டால் 2.75 சென்டிமீட்டர்தான். மாறிலியை 67 என்று வைத்தாலும் 73 என்று வைத்தாலும் விடை 2.6-க்கும் 2.9-க்கும் நடுவில்தான் நிற்கும். கணக்கில் குற்றம் இல்லை. அதிலிருந்து அவள் எடுத்த முடிவுதான் நிற்காது. அந்த 3.8 சென்டிமீட்டரில் பிரபஞ்ச விரிவின் பங்கு 2.75 இல்லை, ஒன்று இல்லை, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லி அவளை அனுப்பிவிடாதீர்கள். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு கிட்டத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, நிலா விலகுவதில் ஒரு பங்கு பிரபஞ்ச விரிவினால்தான் என்று வாதிட்டுக் கட்டுரை எழுதிய ஆய்வாளர்கள் உண்டு. வானியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனால் வெறுமனே தள்ளிவிடவும் முடியாது; சான்று காட்டித்தான் மறுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி தானாகவே அந்த இடத்துக்கு வந்து நின்றிருக்கிறாள் என்றால் அவளுக்கு முழுப் பதில் சேர வேண்டும்.

முதலில், இரண்டு எண்களும் ஏன் இப்படி அருகருகே வந்தன என்று பார்த்துவிடலாம். ஹப்பிள் மாறிலியைத் தலைகீழாக்கினால் ஏறக்குறைய 1400 கோடி ஆண்டுகள் கிடைக்கும். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி. நிலாவின் தூரத்தை 3.8 சென்டிமீட்டரால் வகுத்தால் ஏறக்குறைய 1000 கோடி ஆண்டுகள் வரும். நிலா பிறந்து 450 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அது பூமிக்கு மிகப் பக்கத்தில் தொடங்கி, அந்தக் காலம் முழுக்க மெல்ல நகர்ந்து இன்றைய இடத்துக்கு வந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளாக நடந்துவரும் எந்த மாற்றத்தையும் நிலாவின் தூரத்தோடு வைத்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்றுதான் வரும். நம் சூரியக் குடும்பம் பிரபஞ்சத்தின் வயதில் மூன்றில் ஒரு பங்கு வயதுடையது என்பதால் வந்த ஒற்றுமை இது. அளவு ஒத்துப்போனால் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை.

சரி, 3.8 என்று எப்படித் தெரியும்? 1969 ஜூலையில் அப்பல்லோ 11 பயணிகள் நிலாவில் ஓர் எதிரொளிப்பானை வைத்துவிட்டு வந்தார்கள். வந்த ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் நூறு கண்ணாடி முனைகள் கொண்ட தட்டு அது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்திலிருந்து அனுப்பிய லேசர் ஒளி அதில் பட்டுத் திரும்பி வந்தது. அப்புறம் அப்பல்லோ 14, அப்பல்லோ 15, சோவியத் ஒன்றியத்தின் லூனோகோட் ஊர்திகள் இரண்டு என்று மேலும் எதிரொளிப்பான்கள் சேர்ந்தன. ஒளி போய்வர இரண்டரை வினாடி ஆகும். கோடானுகோடி ஒளித்துகள்களை அனுப்பினால் ஒன்றிரண்டுதான் திரும்பி வரும். அந்த ஒன்றிரண்டையும் பிடித்து நேரம் பார்த்து, இன்று சில மில்லிமீட்டர் துல்லியத்துக்குத் தூரத்தைச் சொல்லிவிடுகிறார்கள். (2023-இல் இறங்கிய சந்திரயான்-3-இன் விக்ரமிலும் நாசா கொடுத்த சிறிய எதிரொளிப்பான் ஒன்று இருக்கிறது. அது நிலாவைச் சுற்றும் விண்கலங்களின் லேசருக்கானது. பூமியிலிருந்து அளப்பதற்குப் போதாது. உங்கள் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கேட்பார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.)

ஆக, விலகும் வேகத்தில் சந்தேகம் இல்லை. காரணத்துக்கு வருவோம்.

நிலாவின் ஈர்ப்பு கடலைப் பொங்க வைக்கிறது. நிலா பூமியைச் சுற்றி வர 27 நாளுக்கு மேல் ஆகும். பூமி தன்னைத்தானே ஒரே நாளில் சுற்றிவிடுகிறது. அதனால் பொங்கிய நீர் நிலாவுக்கு நேர் கீழே நிற்க முடியாமல், பூமியின் சுழற்சியோடு கொஞ்சம் முன்னால் போய்விடுகிறது. முன்னால் போன அந்த நீரின் ஈர்ப்பு நிலாவை அதன் பாதையில் முன்னோக்கி இழுக்கிறது. நிலாவின் கோண உந்தம் (சுற்றும் இயக்கத்தின் அளவு) கூடுகிறது, பாதை பெரிதாகிறது. பதிலுக்கு நிலா அந்த நீரைப் பின்னோக்கி இழுப்பதால் பூமியின் சுழற்சி தளர்கிறது, நாளின் நீளம் கூடுகிறது. உண்மையான கடல் இரண்டு பக்கமும் அழகாகப் புடைத்து நிற்பதில்லை. கண்டங்கள் குறுக்கே இருப்பதால் நீர் ஒவ்வொரு பெருங்கடலிலும் தன் போக்கில் சுழன்று மோதுகிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மிஞ்சும் விளைவுதான் நான் மேலே சொன்னது.

மாணவியிடம் இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைக் கேளுங்கள்: ஓதத்தால் நிலா விலகினால் பூமி அதற்கு விலை கொடுக்க வேண்டும். விரிவினால் விலகினால் பூமி ஏன் மெதுவாகச் சுழல வேண்டும்? அவசியமே இல்லை. இதுதான் இரண்டு காரணங்களையும் பிரித்துக் காட்டும் அடையாளம். நிலாவின் 3.8 சென்டிமீட்டர் முழுக்க ஓதத்தால் என்றால், ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்கு ஏறக்குறைய 2.3 மில்லிவினாடி கூட வேண்டும். ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் ஓதத்தால் என்றால் 0.6 மில்லிவினாடி போதும்.

இதைச் சோதிக்க மனிதர்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம். அங்கிருந்த வானியலாளர்கள் களிமண் பலகையில் அதைப் பதிந்திருக்கிறார்கள்: சூரியன் உதித்து எவ்வளவு நேரம் கழித்துத் தொடங்கியது, பகலில் எந்தெந்தக் கிரகங்கள் கண்ணுக்குத் தெரிந்தன என்பது வரைக்கும். பூமி அன்றிலிருந்து இன்றுவரை ஒரே வேகத்தில் சுழன்றிருந்தால் அந்த நிழல் பாபிலோனில் விழுந்திருக்கவே முடியாது. சுமார் 49 டிகிரி மேற்கே போயிருக்கும். அந்த 49 டிகிரியை நேரமாக மாற்றினால் மூன்றேகால் மணி. நாளுக்கு மில்லிவினாடிக் கணக்கில் ஏற்பட்ட வித்தியாசம் இரண்டாயிரம் ஆண்டுகளில் சேர்ந்து சேர்ந்து அத்தனை ஆகியிருக்கிறது. நாள் நூற்றாண்டுக்கு 0.6 மில்லிவினாடிதான் நீண்டிருக்கும் என்றால் ஒன்றேகால் மணி நேர வித்தியாசத்துக்கு மேல் வர வழியில்லை. நிழல் பாபிலோனுக்கு வெகு தூரம் தள்ளி விழுந்திருக்கும். இந்த ஒரு கிரகணம் மட்டும் இல்லை. பாபிலோனிய, சீன, கிரேக்க, அரபுப் பதிவுகள் பலவற்றைச் சேர்த்து ஆராய்ந்தவர் பிரிட்டனின் ரிச்சர்ட் ஸ்டீஃபன்சன். எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்கின்றன.

கூர்மையான பிள்ளை என்றால் இங்கே ஒரு முரணைப் பிடித்துவிடுவாள். கிரகணப் பதிவுகளிலிருந்து கிடைக்கும் அளவு நூற்றாண்டுக்கு 2.3 இல்லை, சுமார் 1.8 மில்லிவினாடி. மீதி எங்கே போனது? கடைசிப் பனியுகத்தில் கனடாவையும் ஸ்காண்டிநேவியாவையும் கிலோமீட்டர் கணக்கான பனி அழுத்திக்கொண்டிருந்தது. பனி உருகிய பிறகு அந்த நிலம் இன்றும் மெல்ல மேலெழுந்து வருகிறது. பொருண்மை துருவப் பக்கம் நகர்வதால் பூமி ஒரு துளி உருண்டையாகிறது. நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் தன்மை) குறைந்து சுழற்சி கொஞ்சம் வேகம் பெறுகிறது. ஓதம் தளர்த்துவதில் ஒரு பகுதியை இது ஈடுகட்டிவிடுகிறது. இப்படி மேலெழும் நிலத்தின் விளைவைச் செயற்கைக்கோள்களின் பாதையிலும் தனியாக அளந்திருக்கிறார்கள். ஆகவே 1.8 என்பது ஓதத்தின் பங்கு குறைவு என்று காட்டவில்லை.

எனக்கு இதைவிட உறுதியாகத் தோன்றும் சான்று வேறொன்று. நிலாவைப் பார்க்கவே வேண்டாம், கடலை மட்டும் அளந்தால் போதும். 1992-இல் அனுப்பப்பட்ட டோபெக்ஸ்/பொசைடன் போன்ற செயற்கைக்கோள்கள் உலகக் கடல்கள் முழுவதிலும் நீர்மட்டம் ஏறி இறங்குவதைச் சென்டிமீட்டர் அளவில் பதிந்தன. நிலாவால் வரும் முக்கிய ஓதம் மட்டும் கடலில் சுமார் 25 லட்சம் மெகாவாட் ஆற்றலை உரசலில் இழக்கிறது என்று அவற்றிலிருந்து தெரிந்தது. ஹட்சன் விரிகுடா, ஐரோப்பாவை ஒட்டிய ஆழமற்ற கடல், படகோனியக் கரை, மஞ்சள் கடல் போன்ற இடங்களில் பெரும்பகுதி. கால் பங்குக்கு மேல் ஆழ்கடலில், கடலடி மலைத்தொடர்கள்மேல். இந்த அளவு ஓதம் நிலாவை எவ்வளவு வேகத்தில் தள்ளும் என்று கணக்கிட்டால் 3.8 சென்டிமீட்டரை ஒட்டித்தான் விடை வருகிறது. லேசர் சொல்வதும் அதுவே. இரண்டும் ஒன்றையொன்று தொடாத அளவைகள். மொத்தத்தையும் கடலே கொடுத்துவிட்ட பிறகு, விரிவின் 2.75-ஐ எங்கே கொண்டுபோய் வைப்பது?

பழைய காலத்துக்கும் போய்ப் பார்க்கலாம். டெவோனியக் காலத்து (ஏறக்குறைய 40 கோடி ஆண்டுக்கு முந்தைய) பவளப் புதைபடிவங்களில் நாள்வாரி வளர்ச்சிக் கோடுகளை எண்ணி, அப்போது ஓர் ஆண்டில் சுமார் 400 நாட்கள் இருந்தன என்று 1963-இல் ஜான் வெல்ஸ் எழுதினார். தெற்கு ஆஸ்திரேலியாவில் 62 கோடி ஆண்டுப் பழைய ஓதப் படிவுப் பாறைகள் இருக்கின்றன. அவற்றின் அடுக்குகளைப் படித்ததில் அன்று ஒரு நாள் 22 மணி நேரம் இருந்ததாகத் தெரிகிறது. அன்றிலிருந்து இன்றுவரை நிலா விலகிய சராசரி வேகம் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் சொச்சம்தான். இன்றைய 3.8 வழக்கத்தைவிட அதிகம். காரணம், இன்றைய பெருங்கடல்களின் வடிவம், குறிப்பாக வட அட்லாண்டிக், நிலாவின் ஓதத்தோடு ஒத்ததிர்வுக்கு (இரண்டின் தாளமும் ஒன்றி அலை பெருகும் நிலைக்கு) அருகில் இருக்கிறது. கண்டங்கள் நகர்ந்தால் வேகமும் மாறும். இன்றைய வலுவிலேயே ஓதம் எப்போதும் இருந்திருந்தால் 150 கோடி ஆண்டுக்கு முன்பே நிலா பூமியோடு ஒட்டியிருந்திருக்க வேண்டும். ஆனால் நிலாப் பாறைகளில் சில 400 கோடி ஆண்டுகளைத் தாண்டியவை. பிரபஞ்ச விரிவுக்கு அட்லாண்டிக்கின் வடிவம் தெரியாது. நிலாவின் வேகம் கடலின் வடிவத்தைக் கேட்டு மாறுகிறது என்றால், ஓட்டுவது கடல்தான்.

பூமியை விட்டு வெளியே வந்தாலும் இதே விடைதான். செவ்வாயின் துணைக்கோளான ஃபோபோஸ் விலகிப் போகவில்லை, நூறாண்டுக்கு 1.8 மீட்டர் வீதம் செவ்வாயை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அது 7 மணி 39 நிமிடத்தில் செவ்வாயைச் சுற்றிவிடுகிறது. செவ்வாயோ ஒரு சுற்றுக்கு 24 மணி 37 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அங்கே புடைப்பு ஃபோபோஸுக்குப் பின்தங்கிவிடுகிறது, பின்னோக்கி இழுக்கிறது, பாதை சுருங்குகிறது. (கடலே இல்லாத செவ்வாயில் பாறைதான் அந்த மிகச் சிறிய அளவுக்குப் புடைத்துத் தருகிறது.) நெப்டியூனின் டிரைட்டன் எதிர்த்திசையில் சுற்றுவதால் அதுவும் உள்ளே வருகிறது. யார் வேகமாகச் சுழல்கிறார், எந்தத் திசையில் என்பதைப் பொறுத்துத் துணைக்கோள் விலகுவதும் நெருங்குவதும் அமைகின்றன. விரிவு காரணமாக இருந்தால் எல்லாமே விலகித்தான் போக வேண்டும்.

அப்புறம் சூரியன். உங்கள் மாணவியின் சூத்திரத்தையே 15 கோடி கிலோமீட்டருக்குப் போடச் சொல்லுங்கள். பூமி ஆண்டுக்கு ஏறக்குறைய 10.7 மீட்டர் விலக வேண்டும் என்று வரும். செவ்வாயில் 1976-இல் இறங்கிய வைகிங் 1 ஆறு ஆண்டுகளுக்கு மேல் வானொலிக் குறிப்பு அனுப்பிக்கொண்டிருந்தது. பூமிக்கும் அதற்கும் உள்ள தூரத்தை அப்போதே பத்து மீட்டர் அளவில் கணித்தார்கள். கிரகப் பாதைகள் எல்லாம் அந்த வீதத்தில் பெருத்துக்கொண்டிருந்தால் ஆறு ஆண்டில் 60 மீட்டருக்கு மேல் சேர்ந்திருக்கும், மறைக்கவே முடியாது. பிற்கால விண்கலங்களின் அளவைகள் இன்னும் கூர்மையானவை. அந்தப் பத்து மீட்டர் எங்கும் தட்டுப்படவில்லை. சூரியன் ஒளியாகவும் காற்றாகவும் பொருண்மையை இழப்பதால் ஆண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் பூமி விலகுவதுதான் எதிர்பார்க்கப்படுகிறது.

இதுவரை சொன்னது, நடக்கவில்லை என்பதற்குச் சான்று. ஏன் நடக்கவில்லை என்பதை அவள் கேட்காமல் விடமாட்டாள். அங்கேதான் உங்கள் பலூனுக்கு வர வேண்டியிருக்கிறது.

பேனாவால் வைத்த புள்ளி ரப்பரோடு ஒட்டியது. ரப்பர் விரிந்தால் புள்ளியும் விரியத்தான் செய்யும். அடுத்த முறை புள்ளிக்குப் பதில் சிறிய சட்டைப் பொத்தான்களை ஒட்டி ஊதுங்கள். பொத்தான்கள் விலகும், பொத்தான் பெரிதாகாது. ஆனாலும் இந்த விளக்கத்தில் எனக்கு முழு நிறைவு இல்லை. ரப்பர் பொத்தானின் அடியிலும் இழுத்துக்கொண்டே இருக்கிறது, பொத்தான் கெட்டியாக இருப்பதால் தாக்குப்பிடிக்கிறது என்ற எண்ணத்தை அது பிள்ளைகள் மனதில் போட்டுவிடும். வெளி என்பது ஒரு பொருள், அது நம்மையெல்லாம் ஓயாமல் இழுக்கிறது, நிலாவைப் பூமி இறுக்கிப் பிடித்துச் சமாளிக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஓர் இழுப்பே கிடையாது. பிரபஞ்சத்துக்கு மையம் இல்லை என்று காட்ட மட்டும் பலூனை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு அதை எடுக்காதீர்கள்.

ஹப்பிள் விதி ஒரு விசையைச் சொல்லவில்லை. கேலக்ஸிகள் எந்த வேகத்தில் விலகிக்கொண்டிருக்கின்றன என்று சொல்கிறது, அவ்வளவே. வேகம் இருப்பதற்கு விசை தேவையில்லை என்று பதினோராம் வகுப்பிலேயே நியூட்டனின் முதல் விதியில் நடத்திவிடுகிறீர்கள். தொடக்கத்தில் எல்லாப் பொருளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டிருந்தது. எங்கெல்லாம் பொருள் சற்று அடர்த்தியாக இருந்ததோ, அங்கே ஈர்ப்பு அந்த விலகலை மெல்ல மெல்ல மட்டுப்படுத்தியது. ஆரம்பத்தில் அந்த வித்தியாசம் லட்சத்தில் ஒரு பங்குதான். விடுபடு வேகம் இல்லாத பகுதிகள் ஒரு கட்டத்தில் நின்றன, திரும்பின, உள்ளே சரிந்து கேலக்ஸிகளாயின. நம் பால்வீதியின் பொருள் அப்படித் திரும்பி ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதற்குள் பிறந்த வாயு மேகத்திலிருந்து சூரியன், அதைச் சுற்றிய தூசியிலிருந்து பூமி, பூமியில் ஒரு பெரும் மோதல் கிளப்பிய சிதறலிலிருந்து நிலா. விலகும் ஓட்டத்தில் நிலா ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே அந்த ஓட்டத்துக்கான சூத்திரத்தில் அதன் தூரத்தைப் போடுவதற்கு இயற்பியல் காரணம் எதுவும் இல்லை. உங்கள் மாணவியின் கணக்கு சறுக்குவது சரியாக இந்த இடத்தில்தான்.

"சரி மிஸ், வெளியே விரிந்துகொண்டிருக்கும் இத்தனை கோடி கேலக்ஸிகளும் உள்ளே எதுவும் செய்யாதா?" என்று கேட்டால், உங்களிடமே பதில் இருக்கிறது. சீரான கோளக் கூட்டுக்குள் ஈர்ப்பு சுழி என்று நடத்துகிறீர்கள் அல்லவா? எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பரவிய பொருள் அப்படிப்பட்ட கூடுகளின் அடுக்குதான். அது விரிந்தாலும் சுருங்கினாலும் உள்ளே உணரப்படாது. பொதுச் சார்பியலிலும் இதற்கு இணையான முடிவு உண்டு. ஐன்ஸ்டைனும் எர்ன்ஸ்ட் ஸ்ட்ராஸும் 1945-இல் இதே கேள்வியை எடுத்தார்கள்: விரியும் பிரபஞ்சத்தில் ஒரு கோளப் பகுதியைக் காலி செய்து, அதிலிருந்த பொருண்மையை எல்லாம் நடுவில் ஒரு விண்மீனாகக் குவித்தால், அதைச் சுற்றும் கிரகத்துக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்பதுதான் விடை. அந்தக் காலிப் பகுதிக்குள் காலவெளி, விரியாத பிரபஞ்சத்தில் ஒரு தனி விண்மீனைச் சுற்றி எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கு, இருள் ஆற்றல். 1998-இல் தொலைதூர சூப்பர்நோவாக்களை (வெடிக்கும் விண்மீன்களை) பார்த்து, பிரபஞ்ச விரிவு வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதற்குக் காரணமாகக் கருதப்படும் இருள் ஆற்றல் வெளி முழுவதும் சீராக இருக்கிறது என்றால், பூமிக்கும் நிலாவுக்கும் நடுவிலும் இருக்கிறது. இது முடுக்கம் தருவது. ஆகவே உண்மையிலேயே ஒரு விளைவு உண்டு. எவ்வளவு? பூமி நிலாவை இழுக்கும் முடுக்கம் வினாடிக்கு வினாடி 2.7 மில்லிமீட்டர். இருள் ஆற்றலின் தள்ளல் அதைவிட எத்தனை மடங்கு சிறியது என்றால், 2 போட்டு அதன் பின்னால் 24 சுழியங்கள் போட வேண்டும். இதனால் நிலாவின் பாதை பெரிதாவது ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதுவும் ஆண்டுக்கு ஆண்டு கூடுவது இல்லை. இருள் ஆற்றலின் அடர்த்தி மாறாத வரைக்கும் அந்தத் தள்ளலும் மாறாது. பாதை அந்த அளவு பெரிதாக அமைந்து அப்படியே நிற்கும். விரிவினால் நிலாவுக்குக் கிடைத்தது மொத்தமாகவே அவ்வளவுதான்.

அணுக்கள், மேசை, அளவுகோல் எல்லாம் விரியுமா என்பதும் இதோடு சேர்ந்து வரும். விரியாது. அணுவின் அளவை எலக்ட்ரானின் நிறையும் மின்னூட்டமும் பிளாங்க் மாறிலியும் முடிவு செய்கின்றன; பிரபஞ்சம் எவ்வளவு பெரிது என்பது அந்தச் சமன்பாட்டில் வருவதே இல்லை. அளவுகோலும் சேர்ந்து விரிந்தால் விரிவை அளக்கவே முடியாது என்பதையும் அவளே யோசித்துக் கண்டுபிடிக்க விடுங்கள்.

அப்படியென்றால் விரிவு எங்கேதான் தொடங்குகிறது? நான் மிகவும் விரும்பும் கணக்கு இது. பிரபஞ்சத்தில் பூமி ஒன்று மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வோம். பூமியின் ஈர்ப்பும் இருள் ஆற்றலின் தள்ளலும் சமமாகும் இடம் சுமார் 5 ஒளியாண்டு தள்ளி வரும்! இந்தச் சின்னஞ்சிறு பூமியே அவ்வளவு தூரத்துக்குத் தன் ஈர்ப்பால் ஆட்சி செய்ய முடியும். நிலா இருப்பதோ ஒன்றேகால் ஒளிவினாடித் தூரத்தில். சூரியன் தனியாக இருந்தால் அந்த எல்லை 350 ஒளியாண்டு. பால்வீதியும் ஆண்ட்ரோமெடாவும் அவற்றின் சிறு கேலக்ஸிகளும் சேர்ந்த நம் உள்ளூர்க் குழுவுக்கு அது சில பத்து லட்சம் ஒளியாண்டுகள். அதைத் தாண்டிய பிறகுதான் ஹப்பிள் ஓட்டம் கண்ணில் படத் தொடங்குகிறது. சுமார் 5.4 கோடி ஒளியாண்டில் இருக்கும் கன்னிக் கொத்து என்ற கேலக்ஸிக் கூட்டம் நம்மைவிட்டு விலகித்தான் போகிறது. ஆனால் அதன் பெரும் பொருண்மை நம்மையும் இழுப்பதால் சூத்திரம் சொல்லும் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக.

வகுப்பில் இதை எப்படிக் கொண்டுபோவது என்றும் யோசித்தேன். முதலில் அவளை முன்னால் கூப்பிட்டு அந்த 2.75-ஐக் கரும்பலகையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அது வகுப்பு முழுவதுக்கும் பயன்படும் கணக்கு. அடுத்து அதே சூத்திரத்தை ஃபோபோஸுக்கும் சூரியனுக்கும் மற்றப் பிள்ளைகள் போடட்டும். விடைகளை உண்மையான அளவுகளோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே முதல் எண் மட்டும் தற்செயலாகப் பொருந்தியது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். ஓதமும் கோண உந்தமும் அதற்கு அடுத்த வகுப்பில் வரட்டும். பாபிலோன் கிரகணத்தை விட்டுவிடாதீர்கள். கணக்கு பிடிக்காத பிள்ளைகளும் அதைக் கேட்பார்கள்.

அந்த மாணவிக்குத் தனியாக ஒரு கணக்குக் கொடுங்கள். ஆண்ட்ரோமெடா 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அவள் சூத்திரப்படி அது வினாடிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் விலக வேண்டும். உண்மையில் பால்வீதியை நோக்கி வினாடிக்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. ஆண்ட்ரோமெடா நம் பக்கம்தான் வருகிறது என்பதை வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-இலேயே அளந்துவிட்டார், ஹப்பிள் தன் விதியை வெளியிடுவதற்குப் பதினேழு ஆண்டு முன்னால். ஏன் இப்படி என்று அவளையே இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எனக்கும் அனுப்பி வையுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.